உரலில் கட்டிய பிள்ளை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் என்றாலே சந்தோஷம். மேலே அருவியாக விழுந்த அதே தண்ணீர் கீழே இறங்கித் தென்காசிக்குப் போகிற வழியில் குடியிருக்கிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். தோப்புக்குடியில் முப்பது வீடுகள். முன்னால் வயல், பின்னால் தென்னந்தோப்பு, நடுவே சிற்றாற்றில் பிரிந்து வருகிற கால்வாய். மலையில் மழை என்றால் விடியும்போது கால்வாய் செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போகும். அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் அங்கே அடுப்பு மூட்டுவார்கள்.

இது ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் நடந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். சொல்கிற எனக்கே இந்தக் கதையில் கை சில்லிட்டுப் போகும்.

தோப்புக்குடியில் கடைசி வீடு வள்ளித்தாயுடையது. அவள் நடவுக்குப் போகிறவள். அவள் புருஷன் சுடலையாண்டி ஏர் உழுகிறவன். அவர்களுக்கு முதலில் ஒரு பையன் இருந்தான், குற்றாலிங்கம் என்று பேர். மூன்று வயதில், இதே மாதிரி ஒரு நடவு நாளில், அம்மாவைத் தேடிக் கால்வாய்க் கரையோடு நடந்து போனவன் மடையில் கிடைத்தான். அதன் பிறகு வள்ளித்தாய் அந்த மடைப் பக்கம் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போவாள்.

மிச்சம் இருந்தது செண்பகவல்லி. அவளுக்கு நாலு வயது. வள்ளித்தாய் பழைய புடவையைக் கிழித்துத் திரித்து ஒரு கயிறு செய்திருந்தாள். ஒரு நுனி பிள்ளையின் இடுப்பில், முடிச்சு முதுகுப் பக்கம். மறுநுனி முற்றத்து உரலில். உரலில் போடுவது மாட்டு முடிச்சு. மாடு இழுக்க இழுக்க இறுகுமே, அது. கயிறு நிழலுக்கும் எட்டும், கஞ்சிக் கும்பாவுக்கும் எட்டும், வாசல்படிக்கு எட்டாது. அளந்து வைத்த கயிறு அது. கொடுமை என்று நினைக்காதீர்கள். தோப்புக்குடியில் நடவு நாட்களில் எந்த வீட்டு முற்றத்தில் எட்டிப் பார்த்தாலும் உரலிலோ தூணிலோ ஒரு பிள்ளை கட்டிக் கிடக்கும். பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று கட்டிய கயிறுதான் எல்லாம்.

அந்த வருஷம் சித்திரையில்தான் பிளாக் ஆபீஸ்காரர்கள் அங்கே பாலவாடி திறந்தார்கள். முன்பு நெல் போட்டு வைத்த புரை ஒன்று, எலி ஏறாமல் இருக்கக் கல்கால் மேல் தூக்கிக் கட்டியது, சும்மா கிடந்தது. அதை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். டீச்சராக வந்தது ஜெபமலர். சிவகிரிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். இருபத்திரண்டு வயது. மதராஸுக்குப் போய் டீச்சர் படிப்புப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் நாள் அவள் பெண்களை உட்கார வைத்துப் பேசினாள். நடவுக்கு ஆள் சேர்க்கிற ஆவுடைத்தாய் முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"இத்தாலி தேசத்துல ஒரு டாக்டரம்மா. ரோமாபுரில வரிசையா வீடு கெட்டி வாடகைக்கு விட்டாவ. கூலி வேலைக்குப் போறவங்கதான் குடிவந்தாவ. அம்மையும் அப்பனும் வேலைக்குப் போயிருவாவ. பிள்ளையெல்லாம் படிக்கட்டுல உருண்டு, செவத்துல கிறுக்கி, ஒரே நாசம். வீட்டுக்காரங்க ஒரு அறைய ஒதுக்கி, இதுகளப் பாத்துக்கோங்கன்னு அந்த அம்மாவக் கூப்பிட்டாவ. அப்படித் தொடங்குனது இந்தப் படிப்பு."

"அங்கனயும் நடவா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"நடவு இல்லக்கா. வேற கூலி வேல."

"கூலின்னா எல்லாம் ஒண்ணுதான். சொல்லு."

"அந்த அம்மா யுத்த காலத்துல மதராஸ்ல வந்து தங்கி டீச்சர்மாருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாவ. எங்க பெரிய டீச்சர் அவுககிட்டப் படிச்சவங்க. அதுக்கும் நூறு வருசத்துக்கு முந்தி ஜெர்மன் தேசத்துல ஒருத்தர். கைக்குழந்தையா இருக்கையிலேயே தாய இழந்தவர். பிள்ளைகளச் செடி மாதிரி வளக்கணும், நம்ம தோட்டக்காரன் மாதிரி நிக்கணும்னு சொல்லி, பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைத் தோட்டம்னு பேர் வச்சாரு. நீங்க உரல்ல கெட்டிப் போட்டா அது எப்படி வளரும்?"

ஆவுடைத்தாய் எழுந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"செடிக்குக் காலு கெடையாது டீச்சர். இதுக்கு இருக்கு. அதான் கெட்டுதோம்."

பெண்கள் சிரித்தார்கள். வள்ளித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கதவுக்குத் தாப்பா உண்டா டீச்சரம்மா?"

தாழ்ப்பாள் உண்டு என்றதும் பிள்ளையை விட்டாள். பாலவாடி மத்தியானம் வரைக்கும்தான். அதன் பிறகு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் மறுபடி உரலில் கட்டிவிட்டு வயலுக்கு ஓடுவாள்.

பால் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். மாதம் ஒரு தடவை தராசில் தொங்கவிட்டுப் பிள்ளைகளின் எடையை நோட்டில் எழுதினாள் ஜெபமலர். இது ஒரு பயத்தைக் கிளப்பியது. அப்போது ஆற்றில் எங்கோ பாலம் கட்டப் போகிறார்கள், தூண் நிற்பதற்குப் பிள்ளை பலி வேண்டுமாம் என்று ஒரு பேச்சு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஆடு வாங்கப் போறவனும் எட போட்டுத்தான் பாப்பான்" என்றார்கள். சொன்னவர்களும் பிள்ளையை அனுப்பத்தான் செய்தார்கள். என்ன செய்வது, நடவு நிற்குமா?

ஜெபமலரிடம் மரச்சட்டங்கள் இருந்தன. சட்டத்தின் இரண்டு பக்கமும் துணி தைத்து, ஒன்றில் பொத்தான், ஒன்றில் கட்டுகிற நாடா. பொத்தான் போட, முடிச்சுப் போட, அவிழ்க்கப் பழக வேண்டும். அவள் வாய் திறக்காமல் ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டுவாள். பிறகு "இப்ப நீ" என்று சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருப்பாள். பிள்ளை அரை மணி நேரம் திணறினாலும் கை நீட்ட மாட்டாள்.

"அவுத்து விட்டாத்தான் என்ன? கை தேஞ்சிருமா?" என்று ஆவுடைத்தாய் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"நான் அவுத்தா நான் படிச்சதாத்தான் இருக்கும்க்கா."

செண்பகவல்லி அந்த நாடாச் சட்டத்தை விட்டு நகரவில்லை. மற்றப் பிள்ளைகள் மாறி மாறி விளையாட, அவள் ஒரு மாதமாக அதையே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது வாரம் ஜெபமலர் ஒன்றைக் கவனித்தாள். பிள்ளை போட்டது தான் சொல்லிக்கொடுத்த முடிச்சு இல்லை. சிவகிரியில் தன் அப்பா காளைக்குப் போடுகிற முடிச்சு. போட்டு, இழுத்து இறுக்கி, எந்த இழையைத் தளர்த்தினால் விடும் என்று விரல் நுனியால் தேடிக்கொண்டிருந்தது. அன்று அது அவிழவில்லை. இரண்டு நாள் கழித்து அவிழ்ந்தது. ஜெபமலர் அதை நோட்டில் எழுதி வைத்தாள். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. அதற்குச் 'சத்தமில்லா ஆட்டம்' என்று பேர். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிச் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார வேண்டும். டீச்சர் பின்னால் போய் நின்று, காற்று மாதிரி ஒரு பேரைச் சொல்லுவாள். பேர் கேட்ட பிள்ளை மட்டும் எழுந்து, கால் நுனியால் நடந்து, சத்தம் வராமல் அவள் கையைத் தொட வேண்டும். கூப்பிடாமல் யாரும் வரக்கூடாது. வள்ளித்தாய் ஒருநாள் சீக்கிரம் வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, செத்த வீட்டு விளையாட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செண்பகவல்லிக்கோ அதுதான் உயிர். யாராவது அதட்டினால், ஒரு பாத்திரம் விழுந்து உருண்டால் கூட, மூலையில் போய்க் கண்ணை மூடிச் சம்மணம் போட்டுவிடுவாள்.

ஆனி இருபத்தெட்டாம் தேதி ஜெபமலருக்குப் பிளாக் ஆபீஸில் கூட்டம். "நாளைக்குப் பாலவாடி கெடையாது" என்று முந்தின நாளே வீடு வீடாகச் சொன்னாள். பறித்த நாற்று காத்திருக்காது. வள்ளித்தாய் விடியற்காலையில் பிள்ளையை உரலில் கட்டினாள். கும்பாவில் கஞ்சி, மேலே சுட்ட கருவாடு ஒரு துண்டு, பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு.

"எங்கயும் போவக்கூடாது, கேட்டியா?"

கட்டிப் போட்ட பிள்ளையிடம் என்ன கேள்வி அது. ஆனாலும் தினமும் கேட்பாள்.

சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை. இடுப்பு வளைத்து நட்டுக்கொண்டே போகையில் கால்வாய் இரைச்சல் கூடிக்கொண்டு வந்ததை எல்லாப் பெண்களும் கேட்டார்கள். உச்சிப்பொழுதில் கஞ்சிக்குக் கரையேறினார்கள். வள்ளித்தாய் வீட்டுக்கு வந்தாள்.

கஞ்சிக் கும்பா காலி. கிழங்கில் பாதி கடித்திருந்தது. உரல் இருந்தது. உரலில் கயிறு இல்லை.

அவள் கத்தவில்லை. உரலைச் சுற்றித் தடவிப் பார்த்தாள், கயிறு கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருக்கிறது என்பது போல. பிறகு தரையைப் பார்த்தாள். ஈர மண்ணில் பாம்பு போன தடம் மாதிரி ஒரு கோடு. இழுபட்ட கயிற்றின் கோடு. பக்கத்தில் சின்னக் கால்கள். அது வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கால்வாய்க் கரை ஏறி, துணி துவைக்கிற கல் வரைக்கும் போயிற்று. அங்கே புல் தொடங்கியது. கோடு இல்லை.

அதற்கப்புறம்தான் அவளுக்குக் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு வயலில் நின்றவர்கள் நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"ஏலே, மூங்கில எடுங்க."

"கயிறு எதுலயாவது சிக்கியிருக்கும். வேர்ப்பக்கம் குத்திப் பாரு."

"ஏ செம்பகம்! ஏ செம்பகம்!"

சுடலையாண்டி சேறு படிந்த காலோடு வந்தான். நேராக மடைக்கு ஓடினான். முன்பு மகன் கிடைத்த இடம். குதித்து உள்ளே போனான். மேலே வந்தான். மறுபடி போனான். மூன்றாம் தடவை மேலே வந்து மடைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, "இங்கன இல்ல. இங்கன இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு கரையேறி, "எங்கட்டி போன? வந்துரு, இல்லன்னா கொன்னே போட்டுருவேன்" என்று அலறிக்கொண்டு தெருவில் ஓடினான். பிள்ளையைக் கொல்கிறவன் குரலா அது. பயத்தில் ஆணுக்கு வேறு வார்த்தை வராது.

பாலவாடிக் கதவை நாலு பேர் போய் அடித்தார்கள். வெளியே பூட்டுத் தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சின்னப் பாய்கள் சுருட்டி வரிசையாக இருந்தன. யாரும் இல்லை.

"பூட்டுன வீட்டுக்குள்ள எப்படில இருப்பா" என்று திரும்பினார்கள்.

"மாட்டு முடிச்சு அது. நாலு வயசுப் பிள்ள அவுக்குமா?" என்றாள் ஆவுடைத்தாய். "ஆளு வந்து அவுத்திருக்கான். பாலத்துக்காரன் வந்திருக்கான்."

"எட போட்டு எழுதுன நோட்டு டீச்சர்கிட்டல்லா இருக்கு?"

"அவ இன்னைக்குப் பாத்து ஊர்ல இல்ல, கண்டியளா."

அந்தப் பேச்சு கரையோடு போனது. கால்வாயை விட வேகமாகப் போனது.

மூன்று மணி இருக்கும். வண்டிக்காரர் கிதிர் முகம்மதுவின் மாட்டுவண்டி தென்காசியிலிருந்து வந்து நின்றது. பால் பவுடர் டின்களோடு ஜெபமலர் இறங்கினாள். இறங்கும்போதே முகங்களைப் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

சுடலையாண்டி வண்டி முன்னால் வந்து நின்றான். "எம் பிள்ளய யாருகிட்டக் குடுத்த?"

கிதிர் முகம்மது வண்டியிலிருந்து குதித்து நடுவே வந்தார். "ஏலே சுடலை, தள்ளி நில்லு. இந்தப் பிள்ள காலையிலருந்து ஆபீஸ்லதான் கெடக்கு. நாந்தான் ஏத்திட்டுப் போனேன், நாந்தான் கொண்டாந்தேன். மாட்டு மேல சத்தியம்."

"அப்ப கயித்த யாரு அவுத்தா?"

ஜெபமலர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? யோசித்துப் பாருங்கள், சுற்றி நாற்பது பேர், கையில் மூங்கில் கம்பு, உள்ளூரில் ஒரு சொந்தம் கிடையாது. ஆனால் அவள் சொன்னாள்.

"அவளேதான் அவுத்திருப்பா. அவளுக்கு அந்த முடிச்சு அவுக்கத் தெரியும். எங்கிட்டதான் பழகுனா."

வள்ளித்தாய் அதுவரை துவைகல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். மெல்ல எழுந்து வந்தாள்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"தப்புதான்க்கா."

"ஒண்ண அங்கன குடுத்துட்டுத்தான் இதக் கெட்டுனேன். கெட்டுனது தப்புன்ன. சரி. அவுக்கச் சொல்லிக் குடுத்தியே, எங்க போவணும்னு சொல்லிக் குடுத்தியா?"

அந்தக் கேள்வி ஜெபமலருக்குள்ளே போய் எதையோ தட்டியிருக்க வேண்டும். தலையைத் திருப்பிக் கால்வாய்க் கரையைப் பார்த்தாள். துவைகல். அதைத் தாண்டிப் புல். புல்லோடு போனால் பாலவாடி. பிள்ளை தினமும் வருகிற வழி அது.

"பாலவாடிக்குத்தான் வந்திருப்பா" என்றாள்.

"பாத்தாச்சு. பூட்டிக் கெடக்கு. இடிச்சு இடிச்சுப் பாத்தாச்சு" என்றான் ஒருவன்.

"இடிச்சீங்களா? கத்துனீங்களா?"

"பின்ன, பாட்டா பாடுவாவ?"

"ஐயோ" என்று அவள் புரைப் பக்கம் ஓடினாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். புரைக்குப் பத்தடி முன்னால் திரும்பி இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"யாரும் பேசாதீங்க. உங்களக் கும்புடுதேன். எல்லாரும் உக்காருங்க. அவ சத்தத்துக்கு வரமாட்டா. சத்தம் கேட்டா ஒளிவா. பைய கூப்பிட்டாத்தான் வருவா."

"பிள்ள தண்ணில போவுது, இவ உக்காரச் சொல்லுதா" என்றாள் ஆவுடைத்தாய்.

"அண்ணாச்சி, நீங்க உக்காருங்க" என்று கிதிர் முகம்மதுவைப் பார்த்துக் கெஞ்சினாள். அவர் ஈரத் தரையில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு பெண்கள். பிறகு ஒவ்வொருவராக. சுடலையாண்டி மட்டும் நின்றான். வள்ளித்தாய் அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவனும் உட்கார்ந்தான்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வேன். நாற்பது பேர் மூச்சை அடக்கினால் என்ன கேட்கும்? கால்வாய் கேட்டது. ஓலையில் சாரல் விழுவது கேட்டது. ஒவ்வொருவருக்கும் தன் மனதுக்குள், இப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கணக்குக் கேட்டது.

ஜெபமலர் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தினமும் நாற்பது தடவை கூப்பிட்ட வாய்தான். இரண்டாம் தடவையும் வரவில்லை. அவள் வள்ளித்தாயைப் பார்த்தாள்.

வள்ளித்தாய்க்கு மெதுவாகக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. மகன் போனதிலிருந்து அவள் கூப்பிடுவதெல்லாம் கத்தல்தான். அவள் எழுந்து புரையின் பின்பக்கம் போனாள். கல்காலைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்ததை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, காற்று மாதிரிச் சொன்னாள்.

"செண்பகவல்லி..."

ஒன்றும் இல்லை. சுடலையாண்டி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"செண்பகவல்லி..."

புரைக்கு அடியில், கல்கால்களுக்கு நடுவே, பழைய வைக்கோல் கிடக்கிற இருட்டில், என்னவோ இழுபடுகிற சத்தம். எலி என்றே நினைத்தார்கள். அதன் பின் ஒரு கை வெளியே வந்தது. பிறகு வைக்கோல் ஒட்டிய தலை. பிள்ளை தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நின்றாள். இத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதை அவள் கவனிக்கவே இல்லை. கால் நுனியில், கயிறு பின்னால் இழுபட, சேற்றில் சத்தம் வராமல் நடந்து வந்து அம்மாவின் கையைத் தொட்டாள்.

யாரும் கத்தவில்லை. இன்னும் ஆட்டம் முடியவில்லை என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். சுடலையாண்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே குலுங்கிக் குலுங்கி அழுதான், அதுவும் சத்தமில்லாமல். ஆவுடைத்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

வள்ளித்தாய் பிள்ளையை வாரி எடுக்கவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். தலையைத் தடவினாள், கையைத் தடவினாள், இடுப்புக் கயிறு வரைக்கும் தடவினாள்.

"எப்படிட்டி அவுத்த?"

செண்பகவல்லி அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கயிற்றின் மறுநுனியை எடுத்தாள். கட்டுவதற்கு உரல் இல்லை. அம்மாவின் மணிக்கட்டை இழுத்து மடியில் வைத்து, கயிற்றை மெதுவாகச் சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தாள். அம்மா தினமும் போடுகிற அதே முடிச்சு. பிறகு விரல் நுனியால் ஓர் இழையைத் தள்ளி, இன்னொன்றைத் தூக்கி, அவிழ்த்துக் காட்டினாள்.

"இன்னொருக்கா கெட்டு" என்றாள் வள்ளித்தாய்.

பிள்ளை மறுபடி கட்டினாள். இந்தத் தடவை அவிழ்க்கவில்லை.

"இப்ப நீ" என்றாள்.

வள்ளித்தாய் இடது கையில் இருந்த முடிச்சை வலது கையால் பிடித்தாள். அவள் எத்தனையோ நூறு தடவை போட்ட முடிச்சு, எத்தனையோ நூறு தடவை அவிழ்த்த முடிச்சு. அன்று அது விடவில்லை. இழுத்தாள், இன்னும் இறுகியது.

செண்பகவல்லி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அம்மாவின் விரல்களையே பார்த்தபடி, அவசரப்படாமல் காத்திருந்தாள்.